இன்னும் ஓர் ஆண்டு



ஒரு கால்பந்து அணி தொடர்ந்து தோற்றால், பயிற்சியாளரை மாற்று என்று ரசிகர்கள் குரல் எழுப்புவார்கள். அடுத்து அவரா, இவரா என்ற விவாதமும் அன்றைக்கே தொடங்கிவிடும். (அடுத்த பங்குத்தந்தை யார் என்று நாமும் கோயில் வாசலில் பேசுகிறோமே!)

மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு 1986 நவம்பரில் அலெக்ஸ் பெர்குசன் வந்தார். மூன்று ஆண்டுகள் ஆகியும் ஒரு கோப்பைகூட இல்லை. 1989 டிசம்பரில், மூன்று ஆண்டுச் சாக்குப்போக்கு போதும், போய் வாருங்கள் என்ற பொருளில் அந்த அணியின் ரசிகரே மைதானத்தில் பதாகை பிடித்தார்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் அத்திமரத்தின் உரிமையாளர் சொல்வதும் அதே மூன்று ஆண்டுக் கணக்குதான். மரத்தில் கனி இல்லை என்பதைத் தோட்டத் தொழிலாளர் மறுக்கவில்லை. இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். கொத்தி எருப் போடும் வேலையைத் தானே ஏற்கிறார். அதன் பிறகும் காய்க்காவிட்டால் வெட்டலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார். ஆகவே, ஆளை மாற்றுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாற்றச் சொல்லும் நம்மில் மண்வெட்டியை எடுத்தவர்கள் எத்தனை பேர்?

நிர்வாகம் பெர்குசனை விலக்கவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் திறமையுள்ள சிறுவர்களைத் தேடிப் பயிற்றுவிக்கும் ஏற்பாட்டை விரிவாக்கிக்கொண்டிருந்தார். பார்வையாளர் வரிசையில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. 1990 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை வந்தது. 2013இல் ஓய்வு பெற்றபோது 13 லீக் பட்டங்கள்!

அடுத்து வந்த டேவிட் மோயசை அவரே பரிந்துரைத்தார். ஆறு ஆண்டு ஒப்பந்தம். தோட்டத் தொழிலாளர் கேட்ட அந்த ஓர் ஆண்டுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.