வேலைக்கேற்ற கட்டடம்: ஸ்காட்லாந்துப் பண்ணைகள்



பண்ணைக் கட்டடம் என்றால் விளைபொருளை வைத்துப் பூட்டும் இடம் என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். ஸ்காட்லாந்து உழவருக்கோ அது ஏரைப் போல ஒரு பண்ணைக் கருவியாக இருந்தது. மழையும் குளிரும் மிகுந்த அந்நாட்டில், வெட்டவெளியில் செய்ய முடியாத வேலைகளைக் கூரையின்கீழ் செய்ய வேண்டியிருந்தது.

கருப்பு வீடு

வடமேற்கே லூயிஸ் தீவில் இருந்த பழைய வீடுகளுக்குக் 'கருப்பு வீடு' என்று பெயர். இரட்டைக் கற்சுவரின் நடுவே மண் நிரப்பியிருப்பார்கள். ஒரே கூரையின்கீழ் ஒருபுறம் குடும்பமும் மறுபுறம் மாடுகளும் இருக்கும். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் என்னும் எரிமண்ணே விறகு. புகைபோக்கி இல்லாததால் புகை கூரை வைக்கோலின் வழியாகவே வெளியேறும். கரி ஏறிய அந்த வைக்கோலைப் பிரித்து வயலுக்கு எருவாக இட்டார்கள். குளிர்காலம் முழுவதும் தொழுவத்தில் சேர்ந்த சாணமும் வசந்த காலத்தில் வயலுக்குச் சென்றது. புகை உடலுக்குக் கேடுதான். ஆனால் எரு சிறிதும் வீணாகவில்லை.

தூற்றலும் உலர்த்தலும்

கதிரடிக்கும் கொட்டகையில் எதிரெதிராக இரண்டு திறப்புகள் வைத்தார்கள். ஒன்றில் புகுந்து மற்றொன்றில் வெளியேறும் காற்றில் தானியத்தைத் தூற்றினார்கள். ஆர்க்னித் தீவுகளில் கொட்டகையின் கோடியில் வட்டமான கற்சூளை கட்டி, நெருப்பின் வெப்பத்தால் தானியத்தை உலர்த்தினார்கள்.

இயந்திரம் வந்த பின்

1786இல் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதைக் குதிரைகள் சுற்றிவந்து இயக்குவதற்காகக் கொட்டகையை ஒட்டி வட்டக் கட்டடங்கள் எழுந்தன. பிறகு நீராவி எஞ்சின் வந்தது. அதற்கான உயர்ந்த புகைபோக்கிகள் லோதியன் பகுதியில் சில பண்ணைகளில் இன்றும் நிற்கின்றன. நடுமுற்றத்தில் மாடுகளுக்கு டர்னிப் கிழங்கைத் தீவனமாக இட்டு, வைக்கோலைப் படுக்கையாகப் பரப்பித் தொழு உரம் சேர்த்தார்கள்.

கம்பைன் அறுவடை இயந்திரம் பரவியதும் இக்கட்டடங்கள் பல வேலை இழந்தன. சில இடிந்தன, சில குடியிருப்புகளாக மாறின. லூயிஸ் தீவின் ஆர்னால் கிராமத்தில் 1966 வரை மக்கள் வாழ்ந்த ஒரு கருப்பு வீடு இப்போது அருங்காட்சியகமாக உள்ளது.

பெருமக்களே, புதிய கொட்டகை போடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: காற்று எத்திசையில் வீசுகிறது? சாணமும் மூத்திரமும் எங்கே சேரும்? நாளை வேலை மாறினால் இக்கட்டடம் வேறு எதற்குப் பயன்படும்? பழையதை இடிக்குமுன்னும் இக்கேள்விகளைக் கேட்டால், வீண் செலவைத் தவிர்க்கலாம்.