மறுமொழி வாராத வேண்டுகோள்



சென்ற ஆண்டில் ஒரு நாள் மாலை, வெளியூரிற் கற்கும் என் மகளின் விடுதிக் கட்டணமாகிய ரூபா 15,000 ஐக் கைத்தொலைபேசிச் செயலி வாயிலாகச் செலுத்த முற்பட்டேன். திரையிற் சிறு வட்டமொன்று சுழன்றது, சுழன்றுகொண்டேயிருந்தது. ஈற்றில், 'இணைப்பில்லை, மீண்டும் முயல்க' என்னும் வாசகம் தோன்றிற்று. முயன்றேன். மறுநாட் காலை கணக்கிலே ரூபா 30,000 குறைந்திருந்தது. வங்கிக்குச் சென்று முறையிட்டபோது அங்கிருந்த இளைஞர், "நீங்கள்தானே ஐயா இரண்டு முறை அழுத்தியிருக்கிறீர்கள்" என்றார். பிள்ளைகளை விசாரித்தே பழகிய ஓர் அதிபருக்கு அது புதிய அநுபவம். பணம் மீண்டு வர மூன்று வாரஞ் சென்றது. அம்மாதம் வீட்டுச் செலவுக்குக் கடன்பட நேர்ந்தது.

கலைப்பட்டதாரியாகிய யான், பிழை யாருடையது என்றறியும் ஆவலினாலேயே இத்துறையிற் சிறிது கற்கத் தலைப்பட்டேன்.

நம் கணக்கு நம் கையிலுள்ள செயலியில் இல்லை. தொலைவிலுள்ள வழங்கி எனப்படும் கணினியில் உள்ளது. செயலி கேட்கும், வழங்கி விடையிறுக்கும். இவ்வுரையாடலுக்குரிய ஒழுங்கு எச்.ரி.ரி.பி. எனப்படும். 1989 இல் ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆய்வுநிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பவர் முன்வைத்த வலைத் திட்டத்தின் வழி வந்தது அது. வேண்டுகோள் ஒவ்வொன்றும் ஒரு வினைச்சொல்லோடு தொடங்கும். 'கெட்' எனின், இன்ன தகவலைத் தருக என்பது. 'போஸ்ட்' எனின், இதனை ஏற்றுச் செயற்படுக என்பது. விடையோ மூன்றிலக்க எண்ணொன்றைத் தாங்கி வரும். 200 எனின் நிறைவேறிற்று. 404 எனின் கேட்ட பொருள் இங்கில்லை. 4 இல் தொடங்கும் எண்கள் கேட்டவர் பக்கத்துப் பிழையையும், 5 இல் தொடங்குவன வழங்கியின் பிழையையும் குறிப்பன. பிழை எவர் பக்கம் என்பதை முதலிலக்கமே கூறிவிடும் இவ்வழக்கம் பாடசாலைகளில் இல்லையே என்று யான் ஏங்கியதுண்டு.

ஆயின், அன்று எனக்கு எவ்வெண்ணும் வரவில்லை. இடர் அங்கேதான்.

பதிவுத் தபாலிற் கடிதமனுப்பி, ஒப்புகை அட்டைக்குக் காத்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். அட்டை வரவில்லை. கடிதம் வழியிலே தொலைந்திருக்கலாம். கடிதம் சேர்ந்து, அட்டை மட்டுந் தொலைந்திருக்கவுங் கூடும். காத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மௌனந்தான். என் செயலியின் நிலையும் இதுவே. என் முதற் கட்டளை வழங்கியை அடைந்தது, பணமும் சென்றது, விடை மாத்திரம் வழியில் அறுந்தது. 'கெட்' வேண்டுகோளைப் பத்து முறை விடுத்தாலும் கேடில்லை. கணக்கைப் பத்து முறை பார்த்தால் பணங் குறையாது. 'போஸ்ட்' அத்தகையதன்று. மறுமுறை விடுத்தால் அது மற்றுமொரு கட்டளையாகவே கொள்ளப்படும்.

இதற்குப் பரிகாரம் உண்டு; செயலி அமைப்போர் நன்கறிந்ததும்கூட. முதன்முறை அழுத்தும்போதே செயலி அக்கட்டளைக்குத் தனியெண்ணொன்றை இட்டு அனுப்புதல் வேண்டும்; மீண்டும் முயலும்போதும் அதே எண்ணையே அனுப்புதல் வேண்டும். வழங்கி அவ்வெண்ணைக் குறித்து வைத்திருக்கும். அது மறுபடி வரின், பணத்தைத் தொடாது, முன்னர்க் கூறிய விடையையே திருப்பிக் கூறும். அழுத்துந்தோறும் புதிய எண் இடப்படுமாயின் பயனில்லை.

என் விரல் இருமுறை அழுத்தியது மெய்யே. ஆனால், 'மீண்டும் முயல்க' என்று பணித்தவர் யார்? அவ்வாறு பணிக்க விரும்புவோர், முயல்பவர் இருமுறை இழவாத வண்ணம் முன்னரே ஆவன செய்திருத்தல் அவர்தம் கடமையன்றோ?

இப்பொழுதெல்லாம் வட்டம் சுழன்று நின்றால், யான் மறுபடி அழுத்துவதற்கு முன் கணக்கின் வரலாற்றைத் திறந்து பார்க்கிறேன். மகள் நகைக்கிறாள். அவ்வங்கிக்கும், அவர்களுடைய செயலி இத்தகைய எண்ணை இடுகின்றதா என வினவிக் கடிதமொன்று எழுதியுள்ளேன். மறுமொழி இன்னும் வரவில்லை. பதிவுத் தபாலிலேதான் அனுப்பினேன்.