பாசிட்டிவ்னா நல்லதா?

இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பத்திப் பேசலாம்: ஃபீட்பேக்.

அப்ரைசல் சமயத்துல 'பாசிட்டிவ் ஃபீட்பேக்'னா சந்தோஷம். 'நெகட்டிவ் ஃபீட்பேக்'னா அன்னைக்குத் தூக்கம் போச்சு. ஆனா கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்குத் தெரியும், அங்க கதையே வேற.

அங்க பாசிட்டிவ்னா பாராட்டு இல்ல, நெகட்டிவ்னா திட்டு இல்ல. ரெண்டும் திசையை மட்டும்தான் சொல்லுது. ஒரு மாற்றத்தோட விளைவு திரும்பி வந்து அதே மாற்றத்தை இன்னும் பெருசாக்கினா, அது பாசிட்டிவ். அடக்கினா, நெகட்டிவ்.

கல்யாண மண்டபத்துல மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோனா 'கீய்ய்'னு காதைக் கிழிக்குமே, அது பாசிட்டிவ் ஃபீட்பேக். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள போய், பெருசாகி வெளிய வந்து, மறுபடியும் மைக்குக்கே போகுது. மாறா, 1927-ல பெல் லேப்ஸ் இன்ஜினியர் ஹெரால்ட் பிளாக், டெலிபோன் ஆம்ப்ளிஃபயர்ல சிக்னல் சிதையறதைக் குறைக்கக் கண்டுபிடிச்சது நெகட்டிவ் ஃபீட்பேக்.

நம்ம உடம்புலயும் ரெண்டும் இருக்கு. சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை ஏறும். கணையம் இன்சுலினை விட்டு அதை இறக்கும். இது நெகட்டிவ். நம்மை உயிரோட வெச்சிருக்கறதே இந்த மாதிரி விஷயங்கள்தான். பிரசவ வலி பாசிட்டிவ். வலி வர வர ஆக்ஸிடோசின் கூடும், அது கூடக் கூட வலியும் கூடும். குழந்தை பிறந்ததும் அந்தச் சுழற்சி நின்னுடும்.

சரி, ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா என்ன ஆகிடப் போகுது?

ஆர்க்டிக்கைப் பாருங்க. பனி படிஞ்ச கடல்பனி, வெயில்ல 90 சதவீதம் வரைக்கும் திருப்பி அனுப்பிடும். திறந்த கடல் திருப்பி அனுப்பறது சுமார் 6 சதவீதம்தான். பனி உருகினா கடல் வெளிய தெரியும். அது வெப்பத்தை உள்ள இழுக்கும். அதனால இன்னும் பனி உருகும். இதைத்தான் காலநிலை விஞ்ஞானிகள் 'பாசிட்டிவ் ஃபீட்பேக்'னு எழுதறாங்க. அதை ஒருத்தர் தமிழ்ல 'நேர்மறையான விளைவு'னு போட்டுட்டா, எச்சரிக்கை அப்படியே நல்ல செய்தி ஆகிடும்!

'தன்னைத்தானே பெருக்கிக்கற சுழற்சி'னு சொல்லிப் பாருங்க. கொஞ்சம் நீளம்தான், ஆனா யாரும் தப்பா புரிஞ்சுக்க மாட்டாங்க.

கொரோனா டெஸ்ட்ல 'பாசிட்டிவ்'னு வந்தப்போ யாரும் ஸ்வீட் வாங்கிட்டு வரல. அந்தத் தெளிவு இங்கயும் வேணும். அடுத்த தடவை ஒரு அறிவியல் செய்தியில 'பாசிட்டிவ்'னு பாத்தா, லைக் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இங்க எது கூடிக்கிட்டே போகுது?