எஞ்சினுக்கு முன் பிரேக்கைப் பாருங்கள்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சைக்கிள் நமக்கு வெறும் வண்டியல்ல. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டனர். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். ராணுவம் வந்தது, தொழிலாளர் உயிர்கள் பலியாயின. சைக்கிளில் நிமிர்ந்து உட்காரும் உரிமைக்கு நம் முன்னோர் கொடுத்த விலை அது. அந்தச் சைக்கிளிலே பிரேக் பிடிக்காமல் நம் பிள்ளை விழலாமா?

இன்று நம் இளைஞர் சிலர் பழைய சைக்கிளில் சிறு எஞ்சினைப் பூட்டி ஓட்டுகிறார்கள். அந்தக் கைத்திறனை நாம் குறை கூறவில்லை. ஜப்பானில் ஹோண்டா என்பவர் 1946-இல் ராணுவத்தில் மிச்சப்பட்ட சிறு எஞ்சின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்றுத்தான் மோட்டார் சைக்கிள் தொழிலில் இறங்கினார். ஆனால் எஞ்சினை ஏற்றியவர்கள் பிரேக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போன சைக்கிள் 3 மீட்டரில் நின்றது என்று வையுங்கள். அதே பிரேக்கோடு 40 கிலோமீட்டரில் போனால் நிற்க 21 மீட்டர் வேண்டும். எஞ்சின் பாரமும் சேர்ந்தால் இன்னும் கூடும். மழையிலோ நிலைமை மோசம். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை வழுக்கும். உலர்ந்த ரிம்மில் உள்ள பிடிப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மாலையில் அடிக்கடி மழை கொட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதை மறக்கலாமா?

செய்யவேண்டியது என்ன?

முதலாவது, எஞ்சின் எண்ணெய் ரிம்மில் தெறித்திருந்தால் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். இரண்டாவது, ரிம் கோணியிருந்தால் கம்பிகளை முறுக்கி நேராக்குங்கள். கோணிய ரிம்முக்குக் கட்டையை நெருக்கி வைக்க முடியாது. மூன்றாவது, தேய்ந்து பளபளப்பேறிய கட்டையை மாற்றுங்கள். இரும்பு ரிம்முக்குத் தோல் பதித்த கட்டை மழையில் நன்றாகப் பிடிக்கும். முடிந்தால் ரிம்மையே அலுமினியத்துக்கு மாற்றுங்கள். நான்காவது, பிரிந்த, துருவேறிய பிரேக் கம்பியைத் தூக்கி எறியுங்கள். அறுந்த கம்பிக்கு முடிச்சுப் போடுவது உயிருக்கே முடிச்சுப் போடுவதாகும்.

முன் பிரேக்கை ஒருபோதும் கழற்றாதீர்கள். பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி அதனுடையதுதான். இத்தனையும் செய்தாலும் ரிம் பிரேக்குக்கு ஓர் எல்லை உண்டு. எஞ்சின் வண்டிக்கு உகந்தது, மழைநீர் எளிதில் புகாத டிரம் பிரேக் கொண்ட முன்சக்கரமே. பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, உலர்ந்த ரிம்மிலும் நனைந்த ரிம்மிலும் சோதித்துப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் பூட்டினால் அது மோட்டார் வண்டி. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவில்லாத மோட்டார் வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது. மோபெட், மின் ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களையும் 2021-ஆம் ஆண்டு விதிகள் சாலையில் தடுத்துள்ளன. ஆகவே பிரிக்பீல்ட்ஸ் தெருவுக்கோ கூட்டரசு நெடுஞ்சாலைக்கோ அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளை எஞ்சினைக் காட்டிப் பெருமைப்படும்போது, "தம்பி, பிரேக்கைக் காட்டு" என்று கேளுங்கள். ஒரு ஜோடி பிரேக் கட்டை என்ன விலை? உழைத்துக் களைத்தவனின் வீட்டில் ஒரு பிள்ளையின் உயிர் என்ன விலை? சிந்தியுங்கள், செயல்படுங்கள்.