பெயர், வயது, முகவரி



இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் விவரம் சேர்க்கத் தொடங்கியது 1982 ஜனவரியில். அன்று முதல் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு நடத்தி வரும் நகரங்களில் பெங்களூரும் ஒன்று. கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் அது இயங்குகிறது. இப்பதிவேட்டைத் தேடி நோயாளிகள் வருவதில்லை. பதிவேட்டுப் பணியாளர்கள்தான் மருத்துவமனைகள், ஆய்வகங்கள், இறப்புப் பதிவு அலுவலகங்கள் என்று ஏறி இறங்கி ஒவ்வொரு பெயராக எடுத்து வருகிறார்கள்.

எடுத்து வந்த பிறகுதான் உண்மையான வேலை. ஒரு மருத்துவமனையில் எம். லட்சுமி, வயது 50. வேறொன்றில் லட்சுமம்மா, வயது 47. ஆய்வகச் சீட்டில் கணவர் பெயரோடு லட்சுமி முருகன். மூவரும் ஒருவரா? ஒருவரை மூவராக எண்ணினால் நகரில் நோய் பெருகியதாகத் தெரியும். மூவரை ஒருவராக்கினால் குறைந்ததாகத் தெரியும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோர் கலந்து வாழும் ஊரில் இக்கேள்வி நாள்தோறும் எழும். கிருஷ்ணகிரியிலிருந்தோ கோலாரிலிருந்தோ சிகிச்சைக்கு வருபவர் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பதும் இயல்பு. ஓராண்டாவது இங்கே குடியிருந்தவரையே பெங்களூர்க் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது விதி. சேர்க்கைச் சீட்டு எழுதுபவர் "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

பதிவேட்டின் தரத்தைப் பார்க்க நல்ல அளவுகோல்கள் உண்டு. எத்தனை நோயாளிகளுக்குத் திசுப் பரிசோதனையில் நோய் உறுதியானது? எத்தனை பேரைப் பற்றி இறப்புச் சான்றிதழ் மட்டுமே தகவல் தந்தது? இரண்டாவது எண் பெரிதானால், அவர்கள் உயிரோடிருந்தபோது பதிவேடு கோட்டைவிட்டது என்று பொருள். அது மிகச் சிறிதாக இருந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. சான்றிதழே சரியாக எழுதப்படாமல் இருக்கலாம். 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் கால்பங்குக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்திருந்தார். எழுதிய இடத்திலும் "இதயம் நின்றது" என்றிருந்தால், புற்றுநோய் அங்கே மறைந்துபோகிறது.

இது வெறும் கணக்காளர் கவலையா? திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே ஓர் ஆய்வு தொடங்கியது. செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அந்த மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்ட புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று இருந்தது. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்பதை ஊர் ஊராகத் தேடி எழுதிய அந்த ஏடு இல்லாவிட்டால், எத்தனை பெண்களைச் சோதித்தோம் என்பதோடு ஆய்வு நின்றிருக்கும்.

தேசிய அளவில் இன்று நாம் அப்படிச் சோதித்தோரின் எண்ணிக்கையோடுதான் நிற்கிறோம். 2016இல் மத்திய அரசு, 30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பக, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான வழிகாட்டலை வெளியிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 1.9 சதவீதம். இப்போது அரசின் இணையத்தளம் கோடிக்கணக்கான பரிசோதனைகளைக் காட்டுகிறது. அது வளர்ச்சியென்றால் மகிழ்ச்சிதான். ஆனால் குறை கண்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பிய பெண் மருத்துவமனைக்குப் போனாரா? பரிசோதனைப் பட்டியலும் புற்றுநோய்ப் பதிவேடும் ஒரே பெண்ணை ஒரே பெண்ணாக அடையாளம் காணும் வரை இதற்கு விடை கிடைக்காது.

பணம் இருக்கும் நாடுகளும் இடறியிருக்கின்றன. 2018 மே மாதம் பிரிட்டன் சுகாதார அமைச்சர் ஜெரமி ஹண்ட், சுமார் 4,50,000 பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையின் கடைசி அழைப்பு போகவில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவ்வாண்டு இறுதியில் வந்த சுதந்திர விசாரணை அறிக்கை, அந்த எண்ணே மிகைப்பட்டது என்றது. கடைசி அழைப்பு எந்த வயது வரை என்பதை எல்லோரும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ளாததே குழப்பத்தின் வேர்.

இன்று இங்கே பட்டம் பெறுவோரில் சிலர் பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களுக்கும், சிலர் வார்டுகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் செல்வார்கள். மென்பொருள் எழுதுவோர், "நோய் இல்லை" என்பதற்கும் "பரிசோதிக்கவில்லை" என்பதற்கும் தனித்தனிக் கட்டம் வைக்க வேண்டும். வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர் இணையத் தொடர்பு இல்லாத தெருவிலும் படிவத்தைச் சேமிக்க முடிய வேண்டும். வார்டுக்குப் போவோர் இறப்புச் சான்றிதழில் அடிப்படைக் காரணத்தை எழுத வேண்டும். அதற்குத் தேவை சில நிமிடங்கள். நள்ளிரவுப் பணியில் அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு அரிதென்று தெரிந்தேதான் இவ்வேண்டுகோள் வைக்கப்படுகிறது.