உப்பைப் பிரித்தது பணமா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, இந்தப் பனியிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கலையாமல் அமர்ந்திருக்கும் தொண்டாமுத்தூர்ப் பெருமக்களே, தாய்மார்களே! 

'நாட்டின் தொழில் நிலைத்து நின்று வெல்லப் பெரிதும் துணை நிற்பது முதலீடா, புதுமையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பணம், பணம், பணம் என்றே பேசினார். கேட்டுக்கிட்டிருந்த எனக்கே சட்டைப் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கணும் போல இருந்தது. (சிரிப்பு) "பணம் இல்லாம ஒரு திருகாணி வாங்க முடியுமா?"ன்னு கேட்டாரு. முடியாதுங்க. ஆனா திருகாணியை எங்கே திருகறதுன்னு தெரியாதவன் கையில பணம் இருந்து என்ன பிரயோசனம்?

கோயம்புத்தூருக்கு வந்து இந்தக் கேள்வியைக் கேட்கலாமா ஐயா? 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் இந்தச் சீமைக்கு வந்தது. கம்பியில மின்சாரம் வந்துருச்சு. கிணத்துல தண்ணி பாதாளத்துல கிடக்குது. கவலை இறைக்கிற மாடு நுரை தள்ளுது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். பம்ப்செட் என்றால் கோயம்புத்தூர் என்று நாடு சொல்ல அது வித்து. ஜி.டி. நாயுடு பள்ளிப்படிப்பையே முடிக்காதவர். நான் முனைவர் பட்டம் வாங்கியவன். எங்க வீட்டு மோட்டார் நின்னுபோனா எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் குடத்தோட நிக்கிறேன்! (பலத்த சிரிப்பு)

1955இல் இதே கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார ஆட்டுக்கல்லை உருவாக்கினார். அந்த வெட் கிரைண்டருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆட்டுக்கல் இருந்த வரைக்கும் மாவாட்டறது பொம்பளைங்க வேலை. கிரைண்டர் வந்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டுட்டு, "இன்னைக்கு நாந்தான் மாவாட்டினேன்"ங்கிறாரு வீட்டுக்காரர்! (சிரிப்பு, கைதட்டல்)

"இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு வாருங்கள்" என்பார்கள் எதிரணியினர். வருகிறேன். இந்த மேடைக்கு மேற்கே இருக்கிற வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறாள் நொய்யல். பேரூர்ப் பட்டீசுவரரைத் தொட்டுக்கொண்டு போவதால் புராணம் அவளைக் காஞ்சிமாநதி என்று கொண்டாடியது. நம்ம வீட்டுப் பொண்ணுங்க அவ. வாழையும் தென்னையும் பார்த்து வளர்ந்து, கோயம்புத்தூரில் சாக்கடையைச் சுமந்து, திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். போன இடத்துல அந்தப் பொண்ணை எப்படி வெச்சிருந்தோம்?

பனியன் வெள்ளையா இருந்த வரைக்கும் பெரிய தொந்தரவு இல்லை. ஏற்றுமதி பெருகி, கலர் கலரா கேட்க ஆரம்பிச்சான் வெளிநாட்டுக்காரன். பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா உப்பு வேணும். உப்புதான் சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுது. சாயம் துணியில நிக்குது. உப்பு எங்கே போகும்? கழுவுற தண்ணியோட ஆத்துக்குப் போச்சு. 1992இல் சென்னிமலைக்குப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். அதில் தேங்கியது சாயக்கழிவு. உலகத்திலே உழவன் அணையைத் திறந்து விடுங்கன்னு கேட்பான். இங்கே, "தயவு செய்து இந்தத் தண்ணியைத் திறந்து விடாதீங்க"ன்னு கும்பிட்டான் ஐயா! கிணத்துத் தண்ணி உப்பாச்சு. தென்னை காய்ஞ்சது. மண்ணு செத்தது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். அந்த வான் தந்த தண்ணீரைத்தான் நாம் இப்படிச் செய்தோம்.

இப்போ எதிரணி நண்பருக்கு என் கேள்வி. அப்போது திருப்பூரில் பணம் இல்லையா? டாலரில் புரண்ட ஊர் அது! 1990களிலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். கோடிக்கணக்கில் முதல் போட்டார்கள். என்ன ஆச்சு? நிறம் குறைஞ்சது, உப்பு போகலை! கண்ணுக்குத் தெரிஞ்ச அழுக்கைப் பணம் எடுத்தது. தண்ணியில கரைஞ்சு கிடந்த குற்றத்தை எடுக்க அதுக்கு வழி தெரியலை. (கைதட்டல்)

"சரி, நீதிமன்றம்தானே திருத்தியது?" என்று அந்தச் சகோதரி கேட்டார்கள். நீதிமன்றத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அது நடக்காதபோது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுமார் 700 பட்டறை ஒரே நேரத்தில் நின்றது. கூலிக்கு வந்தவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு ரயிலேறினான். அம்மா, நீதிமன்றம் 'நிறுத்து' என்று சொல்லும். 'இப்படி நடத்து' என்று சொல்லித் தராது. அங்கே உழவன் அழுதான், இங்கே தொழிலாளி அழுதான். ரெண்டு பேர் கண்ணீரையும் ஒண்ணா நிறுத்த ஒரு வழி வேணும். எந்தச் சட்டப் புத்தகத்தில் இருந்தது அந்த வழி?

சவ்வூடு பரவலை எதிர்த்திசையில் திருப்பும் ஆர்.ஓ. முறையில் இருந்தது. 1959 வாக்கில் அமெரிக்காவில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் கடல்நீரை நன்னீராக்கச் செய்து காட்டிய சவ்வு அது. கடலுக்காகக் கண்டுபிடிச்சதை நம்ம ஆளு சாயத்தண்ணிக்குத் திருப்பினான். முதல்ல நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்னவிட்டான். அப்புறம் சவ்வு வழியா நல்ல தண்ணியைப் பிரிச்சான். மிச்சம் நின்ன கடும் உப்புநீரை ஆவியாக்கினான். தண்ணியில தொண்ணூறு சதவீதத்துக்கு மேல பட்டறைக்கே திரும்பிடுச்சு.

இதுவரைக்கும் மெஷின். இனிமேல்தான் மூளை! அந்த உப்பை என்ன செய்வது? ஒருத்தன் யோசிச்சான்: "ஏனுங்க, சாயம் போடத்தான் காசு கொடுத்து உப்பு வாங்கறமே, இந்த உப்புத்தண்ணியையே மறுபடி சாயத்தொட்டியில ஊத்தினா என்னங்க?" கழிவுன்னு நினைச்சது சரக்காயிடுச்சு! (கைதட்டல்) பழைய விஞ்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு ஒரு முழுக்குக்கே பத்து லிட்டருக்கு மேல் தண்ணீர். சாஃப்ட் ஃப்ளோ வந்த பிறகு அது ஆறேழு லிட்டராச்சு. கரண்டுச் செலவுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்கே! பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலை நட்டார்கள்.

"இதனால் செலவு கூடியதே, போட்டியில் தோற்க மாட்டோமா?" என்பார்கள். விலையில மட்டும் போட்டி போட்டா நம்மைவிடக் குறைச்சு விக்க இன்னொரு நாடு இருந்துக்கிட்டேதான் இருக்கும். இன்றைக்கு ஐரோப்பியக் கடைக்காரன் தையலை மட்டுமா பார்க்கிறான்? "இந்தத் துணியைக் கழுவின தண்ணி எங்கே போச்சு?"ன்னு கேட்கிறான். அதுக்கு நிமிர்ந்து பதில் சொல்ல முடிஞ்ச ஊர் திருப்பூர். மூடிய ஊர், 2024-25இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்திருக்கிறது என்றால், அந்தப் புதுமை செலவா, முதலா? நடுவர் அவர்களே, நீங்களே கணக்குப் போடுங்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையாய் அடுக்கிக் கிடக்கிறது. நீரை ஆவியாக்க எரிபொருள் எரிகிறது. 2011இல் மூடிய சின்னப் பட்டறைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. பாழான மண் முழுதாய்த் தேறவில்லை. இதற்கெல்லாம் விடை, இன்னும் ஒரு கோடியைக் கொட்டுவதிலா இருக்கிறது? இன்னும் ஒரு நல்ல யோசனையில் இருக்கிறது! அந்த யோசனை வருகிற இடத்துக்குப் பணம் தானாகப் பின்னால் வரும். வண்டிக்கு மாடு வேணும், ஒத்துக்கறேன். ஆனா போற தடம் தெரிஞ்ச ஆள் வண்டியில உட்காரலேன்னா, மாடு வண்டியைப் பள்ளத்துக்குத்தான் இழுத்துக்கிட்டுப் போகும்.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் முன்னோர் வாக்கு. இங்கே பிறக்கிற பெண், கரூர்ச் சீமையில் காவிரியோடு சேருகிற வரைக்கும் கண் கலங்காமல் போக வேண்டும். அவள் கரையில் தறியும் ஓட வேண்டும், ஏரும் ஓட வேண்டும். ரெண்டையும் சேர்த்து ஓட்டக் கூடியது புதுமையே, புதுமையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமைகிறேன்.  (நீண்ட கைதட்டல்)