உயர்தரத்தில் விஞ்ஞானமா?



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வெளிவரும் வரையுள்ள மாதங்களில், நம் நாட்டின் தமிழ் இல்லங்கள் பலவற்றில் ஒரு வழக்கு நடைபெறுகின்றது. பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பதா, வேறு துறை கற்பதா என்பதே அவ்வழக்கு. வழக்காளியும் நீதிபதியும் பெற்றாரே. அயலாரும் உறவினரும் சாட்சிகள். பிள்ளையை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை. பெறுபேறு வருமுன்னரே தனியார் வகுப்புக்குப் பணமும் செலுத்தியாகிவிடுகின்றது.

அப்பிள்ளையின் பக்கம் நின்று சில கூற விரும்புகின்றேன்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் ஒரே பாடம். நல்ல ஞாபகசக்தியுள்ள பிள்ளை அதில் 'ஏ' சித்தி பெறுதல் அரிதன்று. உயர்தரத்திலோ அப்பாடம் மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே ஆழம் கொள்கின்றது. பௌதிகவியலின் முதல் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள், ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை, கணிப்பானுக்கும் அனுமதியில்லை. இங்கே மனப்பாடம் துணைசெய்யாது.

கணிதத்துக்கு அஞ்சியே உயிரியற் பிரிவை நாடுவோர் உளர். இஃது ஒரு பெரிய மயக்கம். வைத்தியத் துறையை விரும்பும் மாணவி உயிரியலோடு இரசாயனவியலையும் பௌதிகவியலையும் கற்றேயாக வேண்டும். தவளையின் இதயத்தை அழகுற வரையும் கை, மூல் கணிப்பிலும் விசைகளைப் பிரிப்பதிலும் தடுமாறுமாயின், அவ்வோவியம் அவளைக் கரைசேர்க்காது. இணைந்த கணிதம் கற்போர் நிலை இன்னும் கடினம்.

எனவே, வகுப்புக்குப் பணம் கட்டுமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உயர்தர மாணவர் ஒருவரிடம் பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றின் முதல் அலகுக் குறிப்புகளை இரவல் பெற்று, இரண்டு வாரம் பிள்ளையிடம் கொடுங்கள். விடை சரியா பிழையா என்பது முக்கியமன்று. விடை வராதபோது பிள்ளை என்ன செய்கின்றது? மறுபடியும் தாளை எடுத்துக் கோடு கீறிப் பார்க்கின்றதா, விடைப் பக்கத்தைப் புரட்டுகின்றதா? நான் அறிந்தவரை இதனினும் நல்ல அளவுகோல் இல்லை.

அடுத்தது, பல்கலைக்கழக வாயில். 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை வழக்கிலுள்ளது. பெரும்பாலான துறைகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. மூன்று பாடங்களிலும் சித்தியெய்தியும் வைத்திய பீடம் கிட்டாதோர் ஆண்டுதோறும் பலர். பரீட்சைக்கு மும்முறை தோற்றலாம் என்பது ஆறுதல்தான். ஆனால் மீண்டும் தோற்றும் ஒவ்வொரு முறையும் இளமையில் ஓராண்டைக் கேட்கின்றது. "வைத்தியராகாவிட்டாலும் இப்பாடங்களைக் கற்க விரும்புவாயா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஆம் என்றால், விவசாயம், தாதியியல், விஞ்ஞானமாணிப் பட்டம் என வேறு கதவுகளும் உண்டு. இல்லை என்றால், அவ்விடையையும் மதியுங்கள்.

தோட்டப்புறப் பெற்றாருக்குக் கவலை வேறு. உயர்தர விஞ்ஞானம் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. நகரத்துக்குப் பிள்ளையை அனுப்பினால் விடுதிச் செலவு, பஸ் செலவு, வகுப்புச் செலவு என ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஆர்வமும் ஆற்றலும் உள்ள பிள்ளையாயின் அச்சுமையை ஏற்பது தகும் என்பேன். பெண்பிள்ளை என்பதற்காக மறுப்பது தகாது. ஆனால் அனுப்புமுன் அப்பாடசாலைக்குச் சென்று, மூன்று பாடங்களுக்கும் ஆசிரியர் உளரா, ஆய்வுகூடத்தில் மாணவர் தம் கையால் நியமிப்புச் செய்கின்றனரா என்று விசாரியுங்கள். பூட்டிய ஆய்வுகூடங்களும் உள.

2013இல் தொடங்கப்பெற்ற தொழினுட்பப் பிரிவையும் பலர் கவனிப்பதில்லை. கருவிகளைக் கழற்றிப் பூட்டுவதில் இன்பங்காணும் பிள்ளைக்கு அது பொருந்தலாம்.

வகுப்பில் சேர்ந்த பின்னரும், பிள்ளை முதலாந் தவணையிலேயே துறை மாற விரும்பினால், அதிபரிடம் தாமதமின்றிச் சென்று பேசுங்கள். விட்ட பாடங்களை அப்பொழுது சில வாரங்களில் ஈடுசெய்துகொள்ளலாம்.